கால் தரையில எட்டணும் சாமி! - பைக் உயரமான கதை

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. டீ, முறுக்கு சகிதமா உட்காரவும். ஆறடி ஆண்டவர்கள் அப்படியே அடுத்த பதிவுக்குத் தாவிடலாம், கோச்சுக்க மாட்டேன் :-)

பைக் விளம்பரத்துல சிசி, மைலேஜ், பிஹெச்பி எல்லாம் கொட்டை எழுத்துல இருக்கும். என்னை மாதிரி அஞ்சடி மூணங்குல ஆசாமிங்க தேடுற நம்பர் மட்டும் கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல ஒளிஞ்சிருக்கும். சீட் உயரம். 785ன்னு இருந்தா நிம்மதி. 800ன்னா யோசனை. 850ன்னா பெருமூச்சு விட்டுட்டு அடுத்த ஷோரூம். இந்த நம்பரை யார் முடிவு பண்ணாங்க, எப்போ ஏறுச்சு, அதை இறக்குறதுக்கு உலகம் முழுக்க மனுஷங்க என்னென்ன பண்ணாங்கன்னு தேடிப் பார்த்தா, அது ஒரு முக்கா நூற்றாண்டு சரித்திரமா விரியுது.

முதல்ல, கால் எட்டாட்டி என்னய்யா குடி முழுகிடும்னு கேக்குறவங்களுக்கு எங்க ஊரைக் கொஞ்சம் காட்டணும். காரைக்கால் மேடு பள்ளமே இல்லாத டெல்டா பூமி. அரசலாறு, திருமலைராயனாறு, நூலாறுன்னு காவிரியோட கடைசி விரல்கள் கடலைத் தொடுற இடம். மலை கிடையாது, கொண்டை ஊசி வளைவு கிடையாது. பைக் ஓட்ட இதைவிட சுலபமான ஊர் வேணுமான்னு தோணும். ஆனா சனிக்கிழமை காலைல திருநள்ளாறு ரோட்டுல வந்து பாருங்க. சனீஸ்வரனைப் பார்க்க வர்ற பஸ், வேன், ஷேர் ஆட்டோ எல்லாம் நகர்ந்து நின்னு, நகர்ந்து நின்னு ஊர்ந்துக்கிட்டு இருக்கும். நிக்கிற ஒவ்வொரு தடவையும் கால் ஊனணும்.

அதுலயும் ஒரு விசேஷம் இருக்கு. டெல்டா ரோடெல்லாம் வயலைவிட உசந்த கரை மேல போகுது. தார் மேல தார் போட்டு ரோடு ஏறிக்கிட்டே போகும், ஓரத்து மண் அப்படியே இருக்கும். பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரமா ஒதுங்கி இடது காலை ஊன்றினா, கால் போய்ச் சேர வேண்டிய இடம் நாலு அங்குலம் கீழ இருக்கு. நெட்டையா இருக்கறவன் முட்டியைக் கொஞ்சம் நீட்டிச் சமாளிச்சுடுவான். நமக்கு நீட்ட மிச்சம் எதுவும் இல்லை. வண்டி சாயும். நின்ன இடத்துல சாயுற 180 கிலோ வண்டியைத் தாங்கிப் பிடிக்க பயில்வானாலயும் முடியாது. அந்தப் பக்கம் வாய்க்கால் வேற. பின்னாடி அம்மா உட்கார்ந்திருந்தாங்கன்னா அது சிரிக்கிற விஷயமே இல்லை.

(ஊர்ப்பெருமை ஒண்ணு: எங்க காரைக்கால் அம்மையார் கைலாயத்துல கால் பதிக்கவே கூடாதுன்னு தலையால நடந்து போனவங்க. அந்த ஊர்ல பொறந்துட்டு காலைத் தரையில பதிக்க நான் இந்தப் பாடு படுறேன்.)

சரி, சரித்திரம்.

ஆரம்ப காலத்து மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்பக்க சஸ்பென்ஷனே கிடையாது. நம்ம சைக்கிள் மாதிரி சக்கரம் நேரா ஃபிரேம்ல முறுக்கியிருக்கும். குலுக்கலைத் தாங்க சீட்டுக்கு அடியில ரெண்டு சுருள் ஸ்பிரிங், அவ்வளவுதான். இதுல குள்ளமானவங்களுக்கு ஒரு லாபம் ஒளிஞ்சிருந்துச்சு. பின்சக்கரம் மேல கீழ ஆடாதுன்னா, அதுக்கு மேல காலி இடம் விட வேண்டியதில்லை. சீட்டை நல்லா கீழே வைக்கலாம். அதனாலதான் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்ல வர்ற வண்டிங்க பெரிய இன்ஜினோட இருந்தாலும் தாழ்வா, தரையோட தரையா இருக்கும்.

ஃபிலிப் வின்சென்ட் மாதிரி ஒருசிலர் 1928லயே பின்பக்க ஸ்பிரிங் வெச்சு வண்டி செஞ்சாங்க. முன்பக்கம் 1935ல பிஎம்டபிள்யூ ஆர்12ல எண்ணெய் போட்ட டெலஸ்கோபிக் ஃபோர்க் வந்துச்சு. ஆனா நம்ம கதைக்கு முக்கியமான வருஷம் 1948. அந்த வருஷம் பிப்ரவரியில இங்கிலாந்துல கோல்மோர் கோப்பை டிரையல் போட்டிக்கு ராயல் என்ஃபீல்டு கம்பெனி ஒரு புது 350 புல்லட்டைக் கொண்டு வந்தது. பின்னாடி ஸ்விங் ஆர்ம், ரெண்டு ஷாக். சேத்துலயும் பாறையிலயும் ஓட்டுற போட்டிக்குப் பின்னாடி ஸ்பிரிங் வெச்சா சக்கரம் பிடிப்பை இழந்துடும்னுதான் அப்போ பலரும் நினைச்சாங்க. அதே வருஷம் இத்தாலியில சான் ரெமோவுல நடந்த ஆறு நாள் சர்வதேசப் போட்டியில, ஜெயிச்ச பிரிட்டிஷ் அணியில புல்லட்டும் இருந்தது. அதுக்கப்புறம் அந்தப் பேச்சு அடங்கிடுச்சு. 1949ல வண்டி விற்பனைக்கு வந்தது.

இதே புல்லட்தான் நம்ம ராணுவம் எல்லைக் காவலுக்கு 1950களோட தொடக்கத்துல 800 வண்டிக்கு ஆர்டர் போட, 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸோட கூட்டு வெச்சு, திருவொற்றியூர்ல தொழிற்சாலையா வேர்விட்டது. பிரெஞ்சுக்காரங்க 1739லிருந்து வெச்சிருந்த எங்க ஊரை 1954 நவம்பர் 1ந்தேதி விட்டுக் கொடுத்துட்டுக் கிளம்பின அடுத்த வருஷம். (சட்டப்படி முழுசா கைமாறினது 1962ல.) ரெட்டிச்சுல இருந்த இங்கிலாந்து தொழிற்சாலை 1967ல மூடிட்டாங்க. திருவொற்றியூர் புல்லட் ஓடிக்கிட்டே இருந்தது. ஆக, வெள்ளைக்காரன் தன் ஊர்ச் சேத்துல பந்தயம் ஓட்ட, தன் காலுக்கு அளவெடுத்துச் செஞ்ச ஒரு வண்டி, நம்ம ஊர்ல 'ஆம்பளைன்னா இந்த சைஸ்'ங்கறதுக்கு அளவுகோல் ஆயிடுச்சு. இது என் சொந்த எரிச்சல், சரித்திரம் இல்லை :-)

குட்டையான இந்தியாவுக்கு அப்போ வேற வழி இல்லாமலா இருந்தது? இருந்தது. ஸ்கூட்டர் இருந்தது. மொபெட் இருந்தது. பிரெஞ்சுக்காரங்க போனப்புறம் பிரெஞ்சு வண்டி எங்க பக்கம் சுத்தி வளைச்சு வந்த கூத்து ஒண்ணு உண்டு. மோட்டோபெகான் கம்பெனியோட மொபிலெட்டை உரிமம் வாங்கி 1960கள்ல திருப்பதியில 'சுவேகா'ன்னு செஞ்சாங்க. பாரீஸ்ல பொறந்து, பெருமாள் ஊர்ல வளர்ந்த வண்டி. 1980ல ஓசூர்லேருந்து டிவிஎஸ் 50 வந்தது, ரெண்டு பேர் போகக்கூடிய மொபெட். எங்க ஊர் மீன்காரங்க கூடையை முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு வெச்சுக் கட்டி ஓட்டுற எக்ஸ்எல் எல்லாம் அதோட வாரிசுதான். ராஜ்தூத்ல 'பாபி'ன்னு செல்லப் பேர் வெச்ச ஜிடிஎஸ் 175 ஒண்ணு உண்டு, 1973ல வந்த அந்த இந்திப் படத்தால பேர் வாங்கினது. சின்ன சக்கரம், தாழ்ந்த சீட்டு. நிஜமாவே சின்ன ஆளுக்குச் செஞ்ச மோட்டார் சைக்கிள். பொம்மைன்னு கிண்டல் பண்ணியே அனுப்பிட்டாங்க பாவம்.

1984லிருந்து 86க்குள்ள வந்த ஜப்பான் கூட்டணி 100 சிசி வண்டிங்க (இண்ட் சுசூகி, ஆர்எக்ஸ்100, சிடி100, கேபி100) நம்ம அளவுக்கு ரொம்ப நெருக்கம். ஜப்பான்காரனும் நம்மள மாதிரிதானே. அவங்க மொழியில 'அஷித்சுகி'ன்னு ஒரு வார்த்தையே இருக்கு, வண்டியில உட்கார்ந்தா பாதம் எவ்வளவு தரையில படுதுன்னு அர்த்தம். பைக் பத்திரிகைல புது வண்டி விமர்சனம் போட்டா, ஓட்டுறவரோட உயரத்தைக் குறிப்பிட்டு, குதிகால் தூக்கியிருக்கா படிஞ்சிருக்கான்னு காலுக்குத் தனியா ஃபோட்டோ போடுவாங்க. நம்ம ஊர் விமர்சனங்கள்ல டேங்க் ஸ்டிக்கருக்குக் கிடைக்கிற மரியாதை காலுக்குக் கிடையாது.

அப்புறம் ஏன் உயரம் ஏறுச்சு? பழியில பாதியை லூசியன் டில்கன்ஸ்ங்கற பெல்ஜியம் இன்ஜினியர் தலையில போடலாம். ரெண்டு ஷாக்குக்குப் பதிலா சீட்டுக்கு அடியில படுக்கப் போட்ட ஒத்தை ஷாக். அந்த யோசனையை யமஹா வாங்கி, 1973ல ஹகான் ஆண்டர்சன் அதுல 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம் ஜெயிச்சார். மோனோஷாக்னு நாம பெருமையா சொல்றது அதுதான். பின்சக்கரம் இன்னும் அதிகமா ஆடலாம்னு ஆனதும் எல்லா கம்பெனியும் வெறி பிடிச்ச மாதிரி ஓடுச்சு. எழுபதுகளோட தொடக்கத்துல ஏறத்தாழ 4 அங்குலமா இருந்த ஆட்டம், அந்தப் பத்து வருஷம் முடியறதுக்குள்ள 12 அங்குலத்தைத் தொட்டது. சக்கரம் 12 அங்குலம் மேல வரணும்னா சீட்டு எங்க போகும்? வானத்துக்குத்தான். 1979ல பாரீஸ்-டக்கார் பந்தயம், 1980ல பிஎம்டபிள்யூ ஆர்80ஜி/எஸ். பாலைவனம் தாண்டறதுக்குப் பொறந்த உருவம் கடைசியில நம்ம 'அட்வென்ச்சர்' பைக்கா ஷோரூமுக்கு வந்து நிக்குது.

மிச்சப் பாதிப் பழி ஃபேஷனுக்கு. யமஹா ஆர்15ஐ எடுத்துக்கங்க. 2008ல வந்தப்போ 790 மி.மீ. 2011ல ரெண்டாவது அவதாரம் 800. 2018ல மூணாவது 815. அதே பேர், அதே வகை இன்ஜின், பத்து வருஷத்துல ஒரு அங்குலம் ஏறிடுச்சு. பின்பக்கத்தைத் தூக்கினாத்தான் பந்தய வண்டி மாதிரி தெரியுமாம். அதே காலத்துல இந்தியாவே ஓட்டுற ஸ்ப்ளெண்டர் 785லயே சாதுவா உட்கார்ந்திருக்கு.

எதிர்த் திசையிலயும் ஆளுங்க இருந்தாங்க. 1977ல ஹார்லி டேவிட்சன்ல வில்லி ஜி. டேவிட்சன் 'லோ ரைடர்'னு ஒரு வண்டி கொண்டு வந்தார், சீட்டு சுமார் 27 அங்குலம். பேர்லயே 'தாழ்வு'ன்னு வெச்சும் அது ஸ்டைலா வித்தது பாருங்க, அதுதான் சாமர்த்தியம். அப்புறம் ஸ்போர்ட்ஸ்டர்ல 'ஹக்கர்', 2011ல 'சூப்பர் லோ'ன்னு குட்டை ஷாக் வெச்ச வண்டிங்க. 2021ல பான் அமெரிக்காங்கற அட்வென்ச்சர் வண்டியில, நிறுத்தப் போறப்போ தானா கீழ இறங்கி, ஓட ஆரம்பிச்சதும் தானா ஏறுற சஸ்பென்ஷன். யானை மண்டி போடுற மாதிரி. விலையும் யானை விலைதான்.

நம்ம ஊர் மெக்கானிக் ஷெட்ல மண்டி போட வைக்கிற வித்தை வேற. அதுக்குள்ள கொஞ்சம் இன்ஜினியரிங் (படிச்சதுக்கு இங்கயாவது உபயோகப்படட்டும், ஆபீஸ்ல ஜாவாதான்).

அதிகமா நடக்குற அட்டூழியம் ஸ்பிரிங்கை வெட்டுறது. ரெண்டு சுத்து அறுத்துட்டா வண்டி இறங்கிடும், உண்மைதான். ஆனா சுருள் ஸ்பிரிங்கோட விறைப்பு, வேலை செய்யுற சுத்துகளோட எண்ணிக்கைக்கு நேர் எதிரா மாறும். 12 சுத்து இருந்ததை 10 ஆக்கினா ஸ்பிரிங் 20 சதவீதம் விறைச்சுப் போகும். அறுத்த முனை தட்டையா உட்காராது, கோணலா அழுத்தும். கால் எட்டும், முதுகெலும்பு போயிடும்.

ரெண்டாவது வழி, முன் ஃபோர்க்கை அதைக் கவ்விப் பிடிச்சிருக்குற கிளாம்ப்புல கொஞ்சம் மேல ஏத்தி முடுக்குறது, பின்னாடி குட்டையான ஷாக் இல்லேன்னா லிங்க் வண்டியா இருந்தா நீளமான லிங்க் தகடு போடுறது. இது முறையான வழி. ஆனா முன்னாடியும் பின்னாடியும் சேர்த்து, ஒரே அளவு இறங்கணும். பின்னாடி மட்டும் இறக்கினா ஃபோர்க் சாய்வு அதிகமாகி வண்டி திரும்பவே சோம்பல்படும். முன்னாடி மட்டும் இறக்கினா ஹேண்டில் படபடக்கும். இன்னொரு கணக்கு: மோனோஷாக் வண்டியில ஷாக் ஒரு மில்லிமீட்டர் குறைஞ்சா சக்கரத்துக்கிட்ட ரெண்டு, ரெண்டரை மில்லிமீட்டர் மாறும், நெம்புகோல் தத்துவம். 10 மி.மீ. தானேன்னு குட்டையாக்கினா வண்டி ஒரு அங்குலம் இறங்கி, ஸ்பீடு பிரேக்கர்ல வயித்தைத் தேச்சுக்கிட்டுப் போகும். ரெண்டு பேர் ஏறினா டயர் போய் மட்கார்டுல இடிக்கும்.

எங்க தெருப் பையன் ஒருத்தன் பின்னாடி மட்டும் குட்டை ஷாக் போட்டுட்டு வந்தான். சைடு ஸ்டாண்டு பழைய நீளம். வண்டி இறங்கிடுச்சு, ஸ்டாண்டு இறங்கலை, அதனால வண்டி சாயாம நட்டுக்குத்தலா நின்னுச்சு. பீச்சுல நிறுத்திட்டுப் போயிருக்கான். கடல் காத்து ஒரு தள்ளு, வண்டி அந்தப் பக்கம் குப்புற. கிளட்ச் லீவர் தப்பிச்சது, பிரேக் லீவர் காலி.

குட்டையானவங்களுக்கு இன்னொரு அநியாயமும் இருக்கு, இதை யாரும் பெருசா பேசுறதில்லை. ஆள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி தன்னோட மொத்த ஆட்டத்துல முப்பது சதவீதம் வரைக்கும் கீழ அமுங்கணும், அப்படித்தான் ஸ்பிரிங் தேர்ந்தெடுப்பாங்க. ஆனா கனமான ஆளை மனசுல வெச்சுச் செஞ்ச ஸ்பிரிங்ல 55 கிலோ ஆசாமி உட்கார்ந்தா அது அசையவே அசையாது. நெட்டையா குண்டா இருக்கறவருக்கு வண்டி பணிவா அமுங்கும். குட்டையா ஒல்லியா இருக்கறவனுக்கு நிமிர்ந்து நிக்கும். வண்டிக்கும் ஆள் பார்த்துத்தான் மரியாதை!

இப்ப என் ஃபேவரிட் ஒப்பீடு. 2016ல வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411: முன்சக்கர ஆட்டம் 200 மி.மீ., பின்னாடி 180, தரையிலிருந்து இடைவெளி 220. சீட் உயரம் 800. 2020ல இந்தியாவுக்கு வந்த கேடிஎம் 390 அட்வென்ச்சர்: முன்னாடி 170, பின்னாடி 177, இடைவெளி 200. எல்லாத்துலயும் கம்மி. ஆனா சீட் உயரம் 855! எப்படி? ஏன்னா சீட் உயரங்கறது சஸ்பென்ஷன் மட்டும் இல்லை. ஃபிரேம் எங்க வளையுது, ஏர்ஃபில்டர் டப்பாவை எங்க வைக்கிறாங்க, ஷாக்கை எவ்வளவு சாய்க்கிறாங்க, ஸ்பாஞ்சு எவ்வளவு தடிமன், எல்லாம் சேர்ந்த கணக்கு. திருவொற்றியூர் வழி வந்த கம்பெனி, யார் ஓட்டப் போறாங்கன்னு முதல்லயே நினைச்சிருக்கு. கேடிஎம் 2023ல சஸ்பென்ஷனைத் தாழ்த்தி 830ல ஒரு 'வி' மாடலை விட்டாங்க. 2025ல வண்டியையே புதுசா வரைஞ்சப்போ ஆட்டம் 200ஐத் தொட்டும் சீட்டு 830லயே நின்னுச்சு. அப்போ முடியும்தானே? 2020லயே யாராவது ஒரு அஞ்சடி ஆளை உட்கார வெச்சுப் பார்த்திருந்தா முடிஞ்சிருக்கும். ஹீரோ மட்டும் நேர் எதிரா, 2023ல எக்ஸ்பல்ஸ் ப்ரோன்னு ஒண்ணை 891ல கொண்டு வந்து நிறுத்துச்சு. அதுல ஏற எனக்கு ஸ்டூல் வேணும்.

சட்டத்தையும் ஒரு வரி பார்த்துடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: கம்பெனி குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வேறுபடற மாதிரி வண்டியை உரிமையாளர் மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணிடுச்சு. உடல் குறைபாடு உள்ளவங்களுக்காக வண்டியை மாத்தி அமைக்கத் தனி வழி இருக்கு. குட்டையா இருக்கறது அந்தக் கணக்குல வராது. சென்னைப் பதிவோ எங்க பி.ஒய். 02வோ, யூனியன் பிரதேசம்னு இதுல சலுகை கிடையாது (சலுகையெல்லாம் பெட்ரோல் விலையில மட்டும்தான்). அதனால கம்பெனியே தர்ற தாழ்வான சீட்டுதான் தலைவலி இல்லாத வழி. 2023ல வந்த ஹிமாலயன் 450க்கு அப்படி ஒண்ணு இருக்கு, 825லிருந்து 805க்கு இறங்கும்.

கால் எட்டாமலே உலகத்தை ஜெயிச்ச ஆளும் உண்டுங்கறதைச் சொல்லாம விட்டா பாவம். டானி பெட்ரோசா, ஸ்பெயின்காரர், கிட்டத்தட்ட என் உயரம்தான். 125ல ஒரு உலகப் பட்டம், 250ல ரெண்டு, மோட்டோஜிபியில 31 வெற்றி. ஆனா அவருக்கு வண்டியைப் பிடிச்சுக்க ஆள் இருந்தாங்க, எதிர்ல திருநள்ளாறு டவுன் பஸ் வரலை. வேடிக்கை என்னன்னா, பந்தயத்துல வண்டியைத் தாழ்த்துறது வேற காரணத்துக்கு. கீழ இறங்கினா முன்சக்கரம் தூக்காது, வேகம் கூடும். ஓடும்போதே வண்டியை இறக்குற கருவியை டுகாட்டி பிரபலமாக்க, எல்லாரும் பின்தொடர, 2027லிருந்து அதுக்கு மொத்தமா தடை.

இறக்கியே ஆகணும்னு கேக்குற நண்பர்களுக்கு நான் சொல்ற வரிசை: முதல்ல பின் ஷாக்கோட பிரீலோடை உங்க எடைக்குக் குறைச்சுப் பாருங்க, காசு செலவில்லை. அடுத்து குஷன் கடை. சீட்டோட உயரத்தைவிட அகலம்தான் பல நேரம் வில்லன், தொடை விரிஞ்சா கால் நீளம் வீணாகும். முன்பக்க ஸ்பாஞ்சை ரெண்டு ஓரத்துலயும் சீவி, நடுவுல ஒரு விரல்கடை குறைச்சு, ரெக்சின் போடச் சொல்லுங்க. எனக்கு அதுலயே முக்கால்வாசி பாதம் பதிஞ்சது. தடிமனான அடிப்பாகம் உள்ள ஷூ ஒண்ணு. இதுக்கும் மேல வேணும்னாத்தான் ஃபோர்க், ஷாக் பக்கம் போறது. அங்க போனா, எத்தனை மில்லிமீட்டர் இறக்கினீங்களோ அதுக்குத் தக்கபடி லேத்துப் பட்டறையில சைடு ஸ்டாண்டைக் குறைச்சுப் பத்த வெச்சுட்டு, செயின் தொய்வையும் ஹெட்லைட் மட்டத்தையும் சரி பார்த்துட்டுத்தான் வீட்டுக்கு ஓட்டணும்.

சுவேகா பத்தித் தனியா ஒரு பதிவு போடுற எண்ணம் இருக்கு. திருப்பதியிலிருந்து டெல்டா வரைக்கும் அது எப்படி வந்துச்சு, யார் யார் ஓட்டினாங்கன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட விசாரிச்சுச் சொல்லுங்க. பழைய ஃபோட்டோ இருந்தா இன்னும் சந்தோஷம்.